பாயார் தீவில் ஒரு பவளத் தோட்டம்

லங்காவி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? மாசூரியின் கல்லறை, வரியில்லாமல் கிடைக்கும் மிட்டாய், பீங்கான் தட்டு, சமையல் பாத்திரம். பள்ளி விடுமுறையில் பேருந்து பிடித்துப் போய், பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்த லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தில், மலாக்கா நீரிணையின் நடுவே ஒரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. அதன் பெயர் பாயார். அங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. பார்ப்பதற்கு நிறைய உண்டு.

சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்கள் கோலக்கெடா துறைமுகத்திற்குச் சென்று, அங்கிருந்து படகேறி லங்காவியின் குவா நகரை அடையலாம். குவாவிலிருந்து விசைப்படகில் பாயாருக்கு ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். இரவு தங்க அங்கே விடுதி கிடையாது. காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். சோற்றுப் பொட்டலமும் குடிதண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் ஆகிய நான்கு தீவுகளும் சேர்ந்ததுதான் பாயார் கடல் பூங்கா. 1987-ஆம் ஆண்டில் இது அமைக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தைத் தொட்டுப் பெயர்க்கக் கூடாது என்பது சட்டம். ஆகவேதான் கரையில் முழங்கால் ஆழத்தில் நிற்கும்போதே கருமுனைச் சுறாக் குட்டிகள் காலருகே வந்து போகின்றன. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். நாம் சீண்டாதவரை அவை தம் வழியே போய்விடும்.

கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டி, மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு குப்புற மிதந்தால் போதும். நீச்சல் தெரியாதவர்களும் வழிகாட்டியின் துணையோடு பவளங்களைக் காணலாம். தீவின் தென்மேற்கு முனையில், பாறைப் பிளவுகளுக்கிடையே இருக்கும் இடத்திற்குத்தான் ‘பவளத் தோட்டம்’ என்று பெயர். அது ஆழமான இடம். காற்று உருளை கட்டி முக்குளிக்கப் பயின்றவர்களே அங்கே இறங்குவார்கள். ஊதா, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு என்று கொத்துக் கொத்தாகப் பூத்திருப்பவை மென்பவளங்கள்.

பவளம் என்றால் கல் அல்லவா, அது எப்படி மென்மையாகும் என்று கேட்பீர்கள். பவளம் ஓர் உயிரினம். கல்லைப் போல் கூடு கட்டி வாழ்வது ஒரு வகை. கூடு கட்டாமல், சதைக்குள்ளே சுண்ணாம்புத் துணுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, செடி போல் அசைந்தாடுவது மென்பவளம். ஒவ்வொரு பூவிலும் இறகு போன்ற எட்டு இதழ்கள் இருக்கும். உண்மையில் அவை இதழ்கள் அல்ல, இரை பிடிக்கும் கைகள். நம் வீட்டுப் பெண்கள் மோதிரத்தில் பதிக்கும் நவரத்தினப் பவளம் இருக்கிறதே, அதுவும் இந்த எட்டுக் கைக் குடும்பத்தின் உறவுதான்.

கரையோரப் பவளங்களையும், முக்குளிப்போர் எடுத்த படங்களையும் பார்த்த பிள்ளை படகில் திரும்பும்போது கேட்பான்: “அப்பா, இதில் ஒன்றைக் கொண்டுபோய் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வைத்தால் என்ன?” பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இன்று கடல்நீர்த் தொட்டி வளர்க்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு வெறும் அதட்டலாக இல்லாமல் சரியான பதிலைச் சொல்ல வேண்டும்.

மென்பவளத்தின் உயிர் அதன் இடத்தில் இருக்கிறது. பாயாரின் அந்த வண்ணக் கொத்துகள் வெயிலை நம்பி வாழ்பவை அல்ல. நீரோட்டம் ஓயாமல் அடித்துவரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகளைப் பிடித்துத் தின்று வாழ்கின்றன. ஓட்டம் வேகமாக இருக்கும் பாறைமுனையில் அவை குடியிருப்பதன் காரணம் இதுதான். தொட்டியில் அந்த ஓட்டமும் இல்லை, ஓயாத உணவும் இல்லை. அங்கே கொண்டுவந்தால் சிறிது சிறிதாகச் சுருங்கிப் பட்டினியால் மடியும். பூங்காவிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, எடுத்தும் பயனில்லை.

தொட்டியில் பிழைப்பவை வேறு. காளான் வடிவத்திலும் விரல்கள் போலவும் வளரும் தோல் பவளங்கள் தம் சதைக்குள் நுண்பாசிகளுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அந்தப் பாசி சமைக்கும் உணவில் பவளமும் பங்கு பெறுகிறது. தொட்டியிலேயே வளர்ந்த தாயிலிருந்து வெட்டிய துண்டைத்தான் வாங்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

அதை நட்டு வளர்ப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய கலை அல்ல. செம்பனை நாற்றை எடுத்த எடுப்பில் வெயிலில் நடுகிறோமா? சிறு பையில், நிழலில் மூன்று மாதம். பிறகு பெரிய பையில் திறந்த வெளி. ஓராண்டு ஆனபின்தான் நிலம். பவளமும் அப்படித்தான். வாங்கிவந்த பையை முதலில் தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அதில் கலந்து பழக்குங்கள். முதலில் அடித்தளத்தில், மங்கிய வெளிச்சத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மேலே உயர்த்துங்கள். நீரோட்டம் நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. அசைந்தாடும் அளவுக்கு இருந்தால் போதும்.

வெட்டிய துண்டு வழுவழுப்பாக இருக்கும், பசை நிற்காது. சிறு கல் துண்டுகள் போட்ட கிண்ணத்தில் வைத்து, மேலே வலை கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் விட்டுவிடுங்கள். ஓரிரு வாரங்களில் தானே கல்லைப் பற்றிக்கொள்ளும். இடம் மாறிய தோல் பவளம் சில நாள் பூக்களை மூடிக்கொண்டு, மெழுகு பூசியது போல் கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். அந்தத் தோலை உரித்துவிட்டு மறுபடியும் மலரும். அதுவரை அதை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கல் பவளம் அருகில் இருந்தால் இடைவெளி விடுங்கள்; தோல் பவளம் நீரில் கலக்கும் நச்சு அதைத் தாக்கும்.

செலவையும் சொல்லிவிட வேண்டும். நீரின் வெப்பம் 24 முதல் 27 பாகைக்குள் இருக்க வேண்டும். உப்பு லிட்டருக்கு 35 கிராம். நம் வீடுகளில் பகல் வெப்பமோ 30 பாகையைத் தாண்டும். குளிரூட்டும் கருவி, அதற்கு மின்கட்டணம் என்று மாதந்தோறும் செலவு நிற்காது. கையில் வசதி இல்லாதவர்கள் மனம் குன்ற வேண்டியதில்லை. ஒரு முறை பாயாருக்குப் போய்வர ஆகும் செலவு இதைவிடக் குறைவு.

ஆனால் சொந்த இடத்திலேயே பவளத்திற்கு ஆபத்து உண்டு. 2010-ஆம் ஆண்டில் கடல்நீர் சூடேறி, உள்ளே குடியிருந்த பாசியை இழந்து பவளங்கள் வெளுத்துப்போயின. தியோமான், ரெடாங் தீவுகளோடு பாயாரிலும் சில முக்குளிப்பு இடங்களை அப்போது மூட வேண்டியதாயிற்று. கடலின் சூட்டை நாம் ஒருவராகத் தணிக்க முடியாது. களைத்திருக்கும் உயிரின் மேல் கால் வைக்காமல் இருக்க முடியும். ஒரு மிதியில் உடையும் கல் பவளம் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளுக்கு இதைப் படகில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். புறப்படும் முன் பூங்கா திறந்திருக்கிறதா, படகு போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறையில் லங்காவிக்குப் போகும்போது, பாத்திரக் கடைக்கு ஒதுக்கும் நாளில் ஒரு நாளைப் பாயாருக்குக் கொடுங்கள். பை காலியாகத் திரும்பினாலும் பிள்ளைகள் பல நாள் அதைப் பற்றியே பேசுவார்கள்.