நான் வாங்கிய ஸ்காட்ச் புட்டி

ஸ்காட்லாந்து தேசத்துக்கும் எனக்கும் போன வருஷம் வரையில் யாதொரு சம்பந்தமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பூகோளப் பரீட்சைக்கு அதன் தலைநகர் எடின்பரோ என்று எழுதி ஒரு மார்க்கு வாங்கினேன். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன்; தீரவில்லை.

நம் சங்கத்துச் சிநேகிதர் ஒருவர் ஆறு வருஷம் படாத பாடு பட்டுத் தம் ஆராய்ச்சி ஏட்டைச் சமர்ப்பித்தார். சமர்ப்பித்த கையோடு கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்துவிட்டது. இதைக்கூடக் கொண்டாடாவிட்டால் டில்லியில் நாம் இருந்துதான் என்ன பயன்? நாங்கள் நால்வர் கூடி, ஆளுக்கு ஐந்நூறாக 2,000 ரூபாய் சேர்த்தோம். நல்ல ஸ்காட்ச் புட்டி ஒன்று வாங்குவது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. வாங்கும் பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது. நால்வரில் குடித்துப் பழக்கமில்லாதவன் நான் ஒருவனே. ஆகையால் பணம் பத்திரமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம்!

நான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காரணம் என் சித்தப்பா. தென்காசியில் தையற்கடை வைத்திருந்தார். அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் கல்லூரிக்குப் போனேன். அளவு நாடாவே இல்லாமல் கண்ணாலேயே தோள் அகலம் சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதர் மாலையில் ஒரு குவார்ட்டர் என்று ஆரம்பித்து, பிறகு காலையிலும் ஒன்று என்று வளர்ந்து, கடைசியில் தையல் மிஷினை விற்றுக் குடித்தார். மிஷின் போன எட்டாம் மாதம் அவரும் போனார். நான் டில்லிக்கு ரயில் ஏறியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடிக்காதே" என்று சொல்லவில்லை. "உங்க சித்தப்பா மாதிரி ஆயிராதய்யா" என்று மட்டுமே சொன்னாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் எங்கள் 'தாதா'விடம் போனேன். தாதா என்றதும் பயப்பட வேண்டாம். வங்காளிகள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். நால்வரில் மூத்தவர். ஒரு வருஷம் எடின்பரோவில் படித்துவிட்டு வந்தவர். விஸ்கியைப் பற்றிக் கேட்டால் போதும், வகுப்பு நடத்த ஆரம்பித்துவிடுவார்.

"விஸ்கி என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்றார்.

"தலைவலி" என்றேன்.

"உயிர்நீர்! கேலிக் பாஷையில் அதுதான் மூலம். 1494-ஆம் வருஷத்து அரசாங்கக் கணக்கிலேயே, உயிர்நீர் காய்ச்சுவதற்காக ஜான் கார் என்ற துறவிக்கு மால்ட் கொடுத்த செலவு எழுதியிருக்கிறது."

"துறவியா காய்ச்சினார்?" என்று கேட்டேன். நம் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியதை எடுத்துச் சொன்னேன். உடனே என் பக்கத்தில் இருந்த தமிழ் மாணவர், யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகியதைப் புறநானூறு பாடுகிறது என்று போட்டு உடைத்தார். வெளிநாட்டுச் சரக்கின் மேல் நமக்குள்ள மோகம் இரண்டாயிரம் வருஷத்துப் பழசு என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் இறக்குமதி வரி எவ்வளவோ, தெரியாது. நம் காலத்து வரி 150 சதவிகிதமாக இருந்து வந்தது. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக உடன்படிக்கை அதை முதலில் 75 ஆகவும், பத்து வருஷத்தில் 40 ஆகவும் குறைக்க வகை செய்கிறது. எங்கள் சிநேகிதரின் விருந்து அதுவரை காத்திருக்காது அல்லவா?

தாதா சொன்னவற்றுள் என் போன்ற புதியவர்களுக்கு வேண்டியதை மட்டும் இங்கே தருகிறேன்.

ஸ்காட்ச் என்று பெயர் போடுவதற்குச் சட்டம் உண்டு. ஸ்காட்லாந்திலேயே காய்ச்ச வேண்டும்; 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் அங்கேயே வைத்திருக்க வேண்டும்; சாராயச் சத்து 40 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும் நிறத்துக்காகச் சேர்க்கும் கருக்கிய சர்க்கரையையும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. ஆகவே, நிறம் கறுத்திருந்தால் உசத்தி என்று எண்ணுவது ஏமாளித்தனம்.

ஒரே ஆலையில், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு, செப்புக் கொப்பரையில் காய்ச்சினால் அது சிங்கிள் மால்ட். கோதுமை, மக்காச்சோளம் முதலிய தானியங்களைத் தொடர்ந்து ஓடும் உயரமான கொதிகலத்தில் காய்ச்சுவது கிரெய்ன் விஸ்கி. இதற்குச் செலவு குறைவு. இரண்டையும் கலந்தால் பிளெண்டட். உலகம் குடிக்கும் ஸ்காட்சில் பெரும்பகுதி இந்தக் கலப்புத்தான். கலப்பு என்றதும் பாலில் தண்ணீர் கலப்பதைப் போல் எண்ணிவிடக் கூடாது. நம் வீட்டுச் சாம்பார்ப் பொடியும் கலப்புத்தானே! அதில் கைப்பக்குவம் இல்லையா?

புட்டியின் மேல் 12 என்று போட்டிருந்தால், உள்ளே கலந்தவற்றில் மிக இளையதற்கு வயது 12 என்று பொருள். பீப்பாயில் கிடக்கும்போது வருஷத்துக்குச் சுமார் இரண்டு சதவிகிதம் ஆவியாகப் போய்விடுமாம். அதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். வயதாக ஆக விலை ஏறுவதற்குத் தேவதைகளும் ஒரு காரணம்!

இன்னொரு விஷயம். சிங்கிள் மால்ட்டை 2012 முதல் ஸ்காட்லாந்திலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்பது விதி. கலப்பு விஸ்கியை மொத்தமாகக் கப்பலில் கொண்டுவந்து நம் நாட்டில் அடைக்கலாம். டீச்சர்ஸ், வாட் 69, பிளாக் அண்டு ஒயிட், 100 பைப்பர்ஸ் முதலியவை நமக்குக் கட்டுபடியாகும் விலையில் கிடைப்பதன் ரகசியம் இதுவே.

வகுப்பு முடிந்ததும் பரீட்சை. ஐலா என்ற தீவிலிருந்து வந்த மால்ட் ஒன்றை ஒரு தேக்கரண்டி அளவு ஊற்றி என் முன் வைத்தார் தாதா. கரித்தூள், அயோடின், கட்டுத்துணி — முகர்ந்தவுடன் தென்காசி ஆஸ்பத்திரியின் வராந்தாவில், சித்தப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே மால்ட்டை உலர்த்தும்போது புல்கரி எரிப்பதால் வரும் வாசனை அது என்று தாதா விளக்கினார். நான் எதையும் விளக்கவில்லை.

"பிடிக்காவிட்டால் விட்டுவிடு. இதில் வீரம் ஒன்றும் இல்லை" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். டில்லிச் சட்டப்படி இருபத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும், எனக்கு இருபத்தேழு. ஆயினும் திருடப் போகிறவனைப் போல நெஞ்சு படபடத்தது. வாட் 69-ஐப் பார்த்தேன். 1882-இல் வில்லியம் சாண்டர்ஸன் என்பவர் நூறு பீப்பாய் விதவிதமாகக் கலந்து வைத்து, நிபுணர்களை ருசி பார்க்கச் சொன்னாராம். 69-ஆம் பீப்பாய் ஜெயித்ததாம். நூறு பீப்பாய்க்கு நான் எங்கே போவது? பக்கத்தில் டீச்சர்ஸ் இருந்தது. கிளாஸ்கோவில் வியாபாரம் செய்த வில்லியம் டீச்சர் என்பவரின் குலப்பெயர் அது. வாத்தியார் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் விரிவுரையாளராகப் போகிறவருக்கு வேறென்ன வாங்குவது? ஆர்ட்மோர் என்ற ஆலையின் மால்ட் அதில் சேர்வதால் இலேசான புகைமணம் உண்டு, அளவோடுதான் என்று தாதா சொல்லியிருந்தார். வாங்கிவிட்டேன். 2,000-த்தில் வறுத்த கடலைக்கும் மிஞ்சிற்று.

விடுதியில் மது கூடாது. ஆகையால் முனிர்க்காவில் சிநேகிதர் ஒருவரின் வாடகை அறையில் கூடினோம். முதலில் சாப்பாடு, பிறகுதான் புட்டி என்பது தாதாவின் கட்டளை. ஐஸ் போட்டால் வாசனை மரத்துப்போகும் என்று, தம்ளரில் 30 மில்லி ஊற்றிச் சில துளி தண்ணீர் மட்டும் விட்டார். நான் ஒரு மிடறு குடித்தேன். முதலில் எரிந்தது. பிறகு தேன், கொஞ்சம் மரப்பட்டை, எங்கோ தூரத்தில் யாரோ அடுப்பு மூட்டிய புகை. நன்றாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்ததுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது. சித்தப்பாவுக்கும் முதல் நாள் நன்றாகத்தானே இருந்திருக்கும்? மற்றவர்கள் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்கள். நான் தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. புதிய விரிவுரையாளர் பாட ஆரம்பித்தார். அதைத்தான் சகிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது மறைக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேச்சே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"எத்தன பேரு?" என்றாள்.

"அஞ்சு பேரும்மா."

"அம்புட்டையும் குடிச்சிட்டியளா?"

"இல்லம்மா. பாதிக்கு மேல அப்படியே இருக்கு. அடைச்சு வச்சாச்சு."

மறுபடியும் மௌனம். பிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள்: "உங்க சித்தப்பாவுக்கு மிச்சம் வைக்கத் தெரியலய்யா. அந்த மனுசனுக்கு அது மட்டுந்தான் தெரியல."

கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அந்தப் புட்டி இன்னும் முனிர்க்கா அறையில், சமையல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அடுத்து ஏட்டைச் சமர்ப்பிக்கப் போகிறவன் நான்தான்; அன்று திறப்பதாக ஏற்பாடு. அன்றும் எனக்கு 30 மில்லிதான். குடிக்காத சிநேகிதர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டாம். நீங்கள் இழந்தது ஒன்றும் இல்லை. போகிறவர்கள் சீட்டைப் படித்து வாங்குங்கள், பங்கு போட்டு வாங்குங்கள். புட்டியில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.