வேளாங்கண்ணிச் சாலையில் இரவு விளக்குகள்

தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணிக்குச் செல்லும் சாலை அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் எனப் பல ஊர்களைக் கடந்து கடலை நோக்கிச் செல்கின்றது. வழிநெடுக ஆறும் வாய்க்காலும் வயலுமே துணை. மேட்டூர்த் தண்ணீர் காலத்தில் வந்துவிட்ட ஆண்டுகளில், ஆவணி மாதத்துக் குறுவைப் பயிர் இருமருங்கும் அலையடித்து நிற்பதைக் காணக் கண் கோடி வேண்டும்.

ஆயினும், ஆகஸ்டு 29ஆம் நாள் திருக்கொடி ஏறுவதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே இச்சாலைக்கு உயிர் வருவது இரவில்தான். பகல் வெயிலுக்கு அஞ்சிய திருயாத்திரிகர்கள், காவியுடை அணிந்து, செபமாலை சொல்லியவண்ணம், ஆரோக்கிய அன்னையின் சுரூபம் தாங்கிய சிறு தேரை இழுத்துக்கொண்டு இருளில் நடக்கின்றனர். செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புவிழா வரை இக்காட்சி நீடிக்கும்.

இவர்களுக்கு எதிரே சீறி வரும் வண்டிகளைப் பாருங்கள். எதிரில் பேருந்து வந்தால் ஓட்டுநர் தம் விளக்கை "டிம்" செய்கின்றார். எதிரில் வருவது மனிதக் கூட்டமானால் அவர் கை அசைவதில்லை! பேருந்து ஓட்டுநருக்கு உள்ள அதே கண்தானே நடப்பவருக்கும்? சொல்லப்போனால் நடப்பவர் நிலையே மோசம். சாலையின் வலப்புறமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பதே அவருக்குப் பாதுகாப்பு என்கிறோம். அப்படி நடப்பவரின் முகத்தில்தான் அந்த ஒளி முழுவதும் விழுகின்றது. கண் கூசி ஓரடி ஒதுங்கினால், பல இடங்களில் அங்கே வாய்க்கால்.

பேரொளி பட்டதும் கண்ணின் பாவை சுருங்கிவிடுகிறது. மீண்டும் இருளுக்குப் பழகச் சில வினாடிகள் ஆகும், முதியோருக்கு இன்னும் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி மூன்று வினாடிகளில் 50 மீட்டரைக் கடந்துவிடும். எதிர்வண்டியின் ஒளியில் கூசிய ஓட்டுநர் அந்த 50 மீட்டரையும் குருடராகவே கடக்கிறார். பூச்சிகள் மோதி அழுக்கடைந்த முன்கண்ணாடி அக்கூச்சத்தைப் பெருக்கும். முன்பட்டக் குறுவை அறுவடையான இடங்களில், சாலையோரம் காயவைத்த நெல்லைப் படுதாவால் மூடிக் கல்லை அடுக்கியிருப்பார்கள். அதற்கு விலகி யாத்திரிகர் நடுச்சாலைக்கு வருவதும் அப்போதுதான்.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இதை அழகாகவே சொல்லியிருக்கின்றன. விளக்கிற்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள எவருடைய கண்ணும் கூசாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டுமாம். ஒன்றரை மீட்டர் என்பது நடந்து வரும் ஒரு தாயின் கண்ணுயரம் அன்றோ!

யாத்திரிகர் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். காவி நிறம் இரவில் மங்கிப்போகும். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு நல்லது. தாழ்த்திய விளக்கின் ஒளி முதலில் காலில்தான் படுமாதலால், ஒளிரும் பட்டையை முழங்காலுக்குக் கீழே கட்டலாம். தேரின் முன்புறத்தை வண்ண விளக்குகளால் அலங்கரிக்கும் இளைஞர்கள், பின்புறத்தில் சிவப்பு விளக்கு ஒன்றைத் தொங்கவிடட்டும். பின்னால் வரும் வண்டிக்குத் தெரிவது அது ஒன்றுதான்.