வேனுக்குள் ஓர் அடுப்பு



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால், குடும்பமாக வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் புறப்படுவது நம்மவர் மத்தியில் வழமையாகிவிட்டது. கடைச் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிக்க, சட்டி பானையோடு கேஸ் குக்கரும் 5 கிலோ சிலிண்டரும் பின் ஆசனத்தடியில் ஏறிவிடுகின்றன. ஆற்றங்கரையில் சமைத்து, ஒரே சகனில் கூடியிருந்து உண்பது நல்ல விடயமே. ஆனால் அந்தச் சிலிண்டருக்கு மேலே அமர்ந்து வருவது யார்? நமது பிள்ளைகள் அல்லவா?

குசினியில் ஜன்னல் உண்டு, புகைபோக்கி உண்டு. வேனோ, ஏசி போட்டுக் கண்ணாடி உயர்த்திய சிறு பெட்டி. சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். கணக்குப் பார்த்தால், ஒரு வேனை அந்த நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரைக் கிலோ கேஸ் போதுமானது. அதாவது அந்தச் சிறு சிலிண்டரில் பத்தில் ஒரு பங்கு!

ஐரோப்பிய நாடுகளில் தங்கிச் சமைப்பதற்கென்றே கட்டப்படும் கேம்பர் வேன்களில், சிலிண்டருக்குத் தனிப் பெட்டி உண்டு. கசிவு வெளியே இறங்கிப் போக அதன் அடியில் துவாரமும் வைப்பார்கள். நாம் வாடகைக்கு எடுக்கும் வேனில் இவை எதுவும் இல்லை.

கசிவுக்காவது மணம் உண்டு. அழுகிய முட்டை போன்ற அந்த நாற்றம் நம்மை எச்சரிப்பதற்காகவே சேர்க்கப்படுகிறது. அதை விடப் பயங்கரமானது, மூடிய இடத்தில் அடுப்பு எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் அமர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், வாந்தி வரும். உறங்குபவருக்கு அதுவும் தெரியாது.

ஒரு ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவில் அறை கிடைக்காமல் நாங்கள் வேனிலேயே இரவைக் கழித்தோம். குளிரில் பிள்ளைகள் நடுங்கவே, உறவினர் ஒருவர் அடுப்பை உள்ளே வைத்துக் கொஞ்சம் மூட்டுவோம் என்றார். பலரும் தலையாட்டினார்கள். ட்ரைவர் நானா மட்டும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, “மௌலவி, நெருப்புக்கும் மூச்சு வேணும். கண்ணாடிய மூடினா, நம்மட மூச்சத்தான் அது எடுக்கும்” என்றார். எவரும் மறுபேச்சுப் பேசவில்லை. உடுப்புகளை மேலுக்கு மேல் போர்த்திக்கொண்டு விடிய வைத்தோம்.

2021 இன் கடைசி மாதங்களில் நம் நாட்டு வீடுகளில் கேஸ் அடுப்புகள் வெடித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அன்று பயத்தில் குழாயில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்த கைகள், வேனில் சாமான் ஏற்றும்போது ஏன் அவசரப்படுகின்றன?

வேன் ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, நிமிர்த்திக் கட்டி வையுங்கள். வெயிலில் பூட்டிய வேனுக்குள் விட்டுச் செல்லாதீர்கள். வெடித்த குழாயை மாற்றுங்கள். சமையலை வேனுக்கு வெளியே, சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நாற்றம் வந்தால் வேனை நிறுத்தி, எல்லோரும் இறங்கி, கதவுகளைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். எந்தச் சுவிச்சையும் தொடவேண்டாம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு தீப்பற்றியபோது, உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அன்று மண்வீட்டுக்குச் சொன்னது இன்று இந்தத் தகர வீட்டுக்கும் பொருந்தும். பயணத் துஆ ஓதி ஏறும் நாம், அடுப்பை அணைத்துவிட்டுத் தூங்குவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளை நலமாக வீடு சேர்ப்பானாக.