ஷெல்டருக்குள் ஒரு டியூப் டிவி

2024 செப்டம்பர் 6, வெள்ளி

அலுவலக அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரச் சம்பளத்திலிருந்து ஒரு மாதச் சம்பளம்வரை இழப்பீடு தருவது சிங்கப்பூர் வழக்கம். எனக்கு மேல்கணக்கே போட்டார்கள். குறை சொல்ல ஒன்றும் வைக்கவில்லை, அதுதான் எரிச்சல். சண்டை போட்டிருந்தாலாவது இன்று பொழுது போயிருக்கும்.

செப்டம்பர் 9, திங்கள்

தேக்காவில் கீரை வாங்கும்போது கடைக்காரர் கேட்டார்: “என்னண்ணே, இன்னிக்கு வேலை இல்லையா?” தலையை எப்படியோ ஆட்டிவிட்டு நடையைக் கட்டினேன். சிராங்கூன் சாலையில் தீபாவளி அலங்காரம் பற்றித்தான் பேச்சு.

வீட்டில் சும்மா இருப்பவனைக் கண்டால் அம்மாவுக்குப் பொறுக்காது. “அந்த ஷெல்டரையாவது ஒழிச்சு வை” என்றார். 1998இலிருந்து கட்டுகிற வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு பாதுகாப்பறை இருக்கும். போர் வந்தால் ஒளிய. போர் வராததால் அரிசி மூட்டை, பழைய விசிறி, சூட்கேஸ். அவற்றுக்குப் பின்னால் அப்பாவின் அட்டைப்பெட்டி அகப்பட்டது: விஎச்எஸ் கேசட்டுகள், ஒரு விசிஆர், என்னுடைய மைக்ரோ ஜீனியஸ் வீடியோ கேம் பெட்டி, அதன் துப்பாக்கி.

மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ஹாலில் இருக்கும் 55 அங்குல டிவியில் மைக்ரோ ஜீனியஸை மாட்டிப் பார்த்தேன். படம் வந்தது; பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியும் உப்பிப்போய்க் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். வாத்து சுடும் விளையாட்டில் துப்பாக்கியோ ஒரு வாத்தைக்கூட வீழ்த்தவில்லை.

ஏன் என்று நோண்டியதில் பாதி ராத்திரி போயிற்று. விசையை இழுத்த கணத்தில் திரை முழுக்கக் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னி மறைகிறது. துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். டியூப் டிவி சிக்னல் வந்த நொடியே படத்தைக் கோடு கோடாக வரைந்துவிடும். தட்டை டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. குறி தவறவில்லை, திரை தாமதம்.

இன்னொன்று. அன்றைய நம் ஊர் ஒளிபரப்பு பால் (PAL) முறை, திரையை நொடிக்கு 50 தரம் வரையும். ஜப்பானில் 60. அங்கே 60க்கு எழுதிய விளையாட்டுகளில் பலவற்றை வேகம் திருத்தாமலே 50க்கு விற்றார்கள். பள்ளிக்கூட நாட்களில் நான் உயிரை விட்டு விளையாடிய சோனிக், ஜப்பான் பையன்கள் பார்த்ததைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடியிருக்கிறான். பாட்டும் மெதுவாகத்தான் பாடியிருக்கிறது. இத்தனை வருஷம் தெரியாது. தெரிந்து என்ன, எனக்கு அந்த மெதுவான பாட்டுதான் சரியான பாட்டு.

செப்டம்பர் 13, வெள்ளி

டியூப் டிவி வாங்கப்போவதாகச் சொன்னேன். “ஹால்ல கூடாது, ரூம்லயும் கூடாது” என்றாள் மனைவி. மிச்சம் ஷெல்டர்தான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

முன்பென்றால் நேரே சுங்கை ரோடு போயிருப்பேன். தரையில் தார்ப்பாய் விரித்துக் கைக்கடிகாரம், ரேடியோ, செருப்பு, டிவி என்று எதையும் விற்ற அந்தத் திருட்டுச் சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். முஸ்தபாவில் எதுவும் கிடைக்கும் என்பார்கள். டியூப் டிவி கிடைக்காது. சிம் லிம் டவரில் வயர் விற்கும் சீன அங்கிள் வாய்விட்டுச் சிரித்தார். “அப்போ தூக்கிட்டுப் போகச் சொல்லி பழைய சாமான் எடுக்குற காராங்கூனிக்கு நாங்க காசு கொடுத்தோம். இப்ப நீ காசு கொடுத்துத் தேடுறே.” ஆனாலும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வயரை எங்கிருந்தோ எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தார்.

29 அங்குலம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதன் எடை ஏறக்குறைய 50 கிலோ. 21 போதும்.

செப்டம்பர் 26, வியாழன்

கிடைத்துவிட்டது. கல்லாங் பாருவில் ஓர் அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு சின்ன வீட்டுக்குப் போகிறார். எழுபதை நெருங்கும் வயது. 21 அங்குல சோனி ட்ரினிட்ரான். காசு வேண்டாம், தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றார்.

“இன்னிக்கு வேலை இல்லையா தம்பி?”

“லீவுக்கா.”

கோப்பி கலந்து கொடுத்தார். நான் டிவியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர் பின்பக்கம் போய் நின்றார். “இதுக்குள்ள இருக்கிற மாதிரி டியூப் எத்தனை என் கையில போயிருக்கும் தெரியுமா? ஆனா இது எதிரிக் கம்பெனி.” கிழக்கே ஒரு பிக்சர் டியூப் ஆலையில் வேலை பார்த்தவராம், மூன்று ஷிஃப்ட். கடைசி வருஷங்களில் கன்வர்ஜன்ஸ் பகுதி.

அது என்ன வேலை என்று கேட்டேன். கேட்டிருக்காவிட்டால் அரைமணி நேரத்தில் கிளம்பியிருப்பேன்.

இருட்டுத் தடுப்புக்குள் உட்கார வேண்டும். எதிரே டியூப். திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கதிர். அவை ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் கோடு வெள்ளையாகத் தெரியும். ஆரம்பத்தில் விலகித்தான் இருக்கும். டியூபின் கழுத்தில் மெல்லிய காந்த வளையங்கள் மாட்டியிருக்கும். அவற்றை இரண்டு விரலால் மயிரிழை மயிரிழையாகத் திருக வேண்டும். நடுவே சரியானால் மூலை கெடும். மூலைக்கு, கம்பிச்சுருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் ஆப்பு செருகி ஒட்ட வேண்டும். எல்லாம் கூடியதும் வளையம் நகராமல் இருக்க ஒரு பொட்டுப் பெயின்ட். சொல்லும்போது அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ திருகிக்கொண்டே இருந்தன.

“ஐரோப்பாவுக்குப் போறது தனி, ஆஸ்திரேலியாவுக்குப் போறது தனி. கலந்துட்டா கலர் கெட்டுப்போயிடும்.” நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து படித்தேன், உண்மைதான். எலெக்ட்ரான் கதிரைப் பூமியின் காந்தப்புலமே கொஞ்சம் இழுத்துவிடும். வட கோளத்தில் ஒரு பக்கம், தென் கோளத்தில் எதிர்ப்பக்கம். அதனால் எந்தக் கோளத்துக்குப் போகிறதோ அதற்கேற்பச் சரிசெய்து அனுப்புவார்கள், நிலநடுக்கோட்டு நாடுகளுக்கு வேறு கணக்கு. நம் சிங்கப்பூர் அந்த மூன்றாம் ரகம்.

ஆலை மூடியதைக் கேட்டேன். “கேண்டீன்ல கூப்பிட்டுச் சொன்னாங்க. சாப்பாடு நல்லாப் போட்டாங்க அன்னிக்கு.” பிறகு துப்புரவு வேலையில் சூப்பர்வைசர். அவ்வளவுதான் சொன்னார். நானும் தோண்டவில்லை.

புதுவீட்டுக்கு எந்த டிவி என்றேன். “தட்டையா ஒண்ணு வாங்கியாச்சு. நல்ல படம் தம்பி. இந்தப் பாரத்தை யார் வச்சிக் காப்பாத்துறது?” அவருக்குத் துளியும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் எனக்குத்தான் இருக்கிறது போல.

செப்டம்பர் 27, வெள்ளி

முதுகு.

அக்டோபர் 4, வெள்ளி

ஷெல்டரில் ஏற்றியாயிற்று. இரும்புக் கதவைக் கழற்றவோ சுவரை உடைக்கவோ சட்டம் விடாது. மரப்பெஞ்சு போட்டு அதன்மேல் வைத்தேன். ஸ்விட்ச் போட்டதும் உள்ளே ‘தொம்’ என்றது. திரையில் ஒட்டியிருக்கும் காந்தத்தை அதுவே விரட்டும் சத்தம். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு!

மைக்ரோ ஜீனியஸ். அதே புள்ளிகள், அதே கோணல் ஆள். ஆனால் கோடுகளுக்கு நடுவே விழும் இருட்டும் பாஸ்பரின் மினுக்கமும் சேர்ந்து அத்தனையையும் இழைத்துவிட்டன. அன்று படம் வரைந்தவர்கள் இந்தக் கண்ணாடியை நினைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். முதல் சூட்டிலேயே வாத்து விழுந்தது.

மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். “அப்பா, என்னமோ ‘ஙீ’ன்னு கத்துது!” எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கும் கேட்கவில்லை. பால் முறையில் நொடிக்கு 15,625 கோடு வரைகிற சத்தம் அது. வயது ஏற ஏற அந்த உயரச் சுருதிதான் காதிலிருந்து முதலில் போகும். சின்ன வயதில் அடுத்த அறையிலிருந்தே டிவி போட்டாயிற்று என்று சொல்லிவிடுவேன்.

ஆன்டெனாவில் மாற்றிக் காட்டினேன். வெறும் புள்ளி மழை. அனலாக் ஒளிபரப்பை 2019 பிறந்ததோடு நிறுத்திவிட்டார்கள். மகள் அந்தப் புள்ளிமழையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

நேர்காணல். என் அனுபவம் ‘மிக விரிவானது’ என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். இதே மேசையின் மறுபக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 16, புதன்

கேசட்டுகளைப் பரப்பினேன். இந்த ஊர் ஈரத்தில் பாதிக்கு மேல் வெள்ளைப் பூஞ்சை. சுத்தமாக இருந்ததில் ஒன்று ‘நினைத்தாலே இனிக்கும்’. 1979இல் வந்த பாலசந்தர் படம். பெரும்பகுதி இங்கே எடுத்தது. விசிஆரின் சுழலும் தலையைச் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் போட்டேன். கீழே ஒரு பட்டை நடுங்கிக்கொண்டிருந்தது. டிராக்கிங்கைத் திருகியதும் அடங்கியது.

அம்மா ஸ்டூல் போட்டு வாசலில் உட்கார்ந்தார். கமலையும் ரஜினியையும் பார்க்கவேயில்லை. பின்னால் நடந்துபோகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 1963இல் ஒளிபரப்பு தொடங்கிய காலத்தில் சமூக நிலையத்து டிவி முன்னால் கூட்டத்தோடு நின்று பார்த்தவர் அவர். “அங்க உக்கார இடம் கிடைக்காது” என்றார், ஷெல்டர் வாசலில் உட்கார்ந்துகொண்டு.

இதே படம் இணையத்தில் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கிறது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. வீடு நிறைய உறவு. பிள்ளைகள் துப்பாக்கிக்கு வரிசை கட்டுகிறார்கள். ஷெல்டருக்குள் அடுப்படிச் சூடு. கதவோரம் விசிறி வைத்தேன். மாமா ஒருவர் தோளில் கைபோட்டு, “அப்புறம், வேலையெல்லாம் எப்படி?” என்றார். பலகாரம் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

கல்லாங் பாரு அக்கா வந்தார், கையில் ஒரு கேசட். அவருடைய மகள் கல்யாணம், 1994. வேறு பிரதி கிடையாது.

கேசட்டை எடுக்குமுன் டிவியைப் போடச் சொன்னார். குறுக்குக் கோட்டுப் படத்தைப் போட்டேன். படத்தின் நடுவை அவர் பார்க்கவேயில்லை. நேரே மூலைகளுக்குப் போனார். “கீழ, இடது பக்கம், சிவப்பு வெளிய வருது பாரு.” எனக்குத் தெரியவில்லை. முகத்தைக் கண்ணாடியில் ஒட்டுமளவுக்குப் போனபிறகு தெரிந்தது, கோட்டோரம் இழையாக ஒரு சிவப்பு. “பாக்க ஆகாதுன்னு இல்ல. நான்னா பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்.”

பிறகு, “இன்னிக்கும் லீவா?” என்றார்.

“வேலை போயிடுச்சுக்கா.”

“அன்னிக்கே தெரியும். லீவு போட்டவன் எவனும் மத்தியான வெயில்ல டிவி தூக்க வரமாட்டான்.” கோப்பியில் சர்க்கரை குறைவு என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தேன். சுருளின் ஓரம் முழுக்க வெள்ளை. போடவில்லை. அவர் போடச் சொல்லி இரண்டு தரம் கேட்டார், முடியாது என்றேன்.

நவம்பர் 19, செவ்வாய்

நேர்காணல் நடத்தியவர்களிடமிருந்து பதில் இல்லை. இன்னொரு இடத்தில் அடுத்த வாரம் வரச்சொல்லியிருக்கிறார்கள், சம்பளம் குறைவு.

ட்ரினிட்ரான் டியூப் செய்த சோனியின் கடைசி ஆலை சிங்கப்பூரில்தான் இருந்தது, 2008இல் நின்றது என்று நேற்றுத்தான் படித்தேன். அக்காவிடம் போனில் சொன்னால், “எங்களுக்குத் தெரியாதா?” என்கிறார்.

அவருடைய கேசட் இப்போது ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் இருக்கிறது. பூஞ்சை முழுக்கக் காய்ந்தபின் கூட்டைத் திறந்து நாடாவைத் துடைக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுக்கப்போகிறேன். டிவி எதிர்க்கம்பெனியுடையது என்றாலும் முதலில் இதில்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சினிமாக் கேசட் போனால் போகட்டும். படம் எங்கேயாவது இருக்கும். கல்யாணம், காதுகுத்து, பள்ளி நாடகம் என்று எழுதியிருக்கும் கேசட்டைத் தேடி எடுங்கள். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், ஆசைக்கு ஒருதரம்கூட ஓட்டிவிடாதீர்கள்; நாடா அறுந்துபோகும், பூஞ்சை விசிஆரின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். கெட்டுப்போன விசிஆருக்கு மாற்றாகப் புதிது வாங்கவும் வழியில்லை. கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது.