எடுத்து வைத்த ஷூ

2015-ல் தம்பி சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் முறை ஊருக்கு வந்தபோது அம்மாவுக்குக் கைக்கடிகாரம், அப்பாவுக்கு ஒரு ரேடியோ, எனக்கு ஒரு ஜோடி ஷூ. விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் கையில் கொடுத்தான். நீல நிற மெஷ், கனமான வெள்ளை அடிப்பாகம். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் உடனே மேலே வந்தது. நான் அப்போதுதான் காலையில் ஓடத் தொடங்கியிருந்தேன். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கும். "இதைப் போட்டுக்கிட்டு ஒருநாள் பெரிய ரேஸ் ஓடணும்ணா" என்றான்.

எங்கள் வீட்டில் நல்ல பொருள் எதுவானாலும் முதலில் பீரோவுக்குத்தான் போகும். விருந்தாளிக்கென்று வைத்த பீங்கான் கோப்பைகளில் நாங்கள் காப்பி குடித்ததே இல்லை. அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. ஷூவை அட்டைப்பெட்டியோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, இரண்டு பாச்சா உருண்டையும் போட்டு மேல்தட்டில் வைத்தேன். தினசரி ஓட்டத்துக்கு மலிவாக ஒன்று வாங்கிக்கொண்டேன். தம்பி போனில் கேட்பான்: "ஷூ எப்படிண்ணா இருக்கு?" "சூப்பரா இருக்குடா" என்பேன். முதல் தடவை வாய்தவறி வந்த பதில்தான். பிறகு அதை மாற்ற முடியவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அவன் கேட்பதும் நான் அதையே சொல்வதுமாக ஏழெட்டு வருடம் ஓடிவிட்டது.

ஓட்ட ஷூ ஒன்று 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது ஓடுகிறவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. ஓடுகிறவரின் எடை, ஓடும் தரை, கால் பதியும் விதம் இவற்றைப் பொறுத்து கூடும், குறையும். நான் கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. மேலே கிழியாதவரை ஷூ நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தேன். 2019-ல் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி வந்தது. பிசியோதெரபிஸ்ட் என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைக் கேட்டு வாங்கினார். மேசைமேல் வைத்துக் காட்டினார். இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றன. பக்கவாட்டில் மிட்சோல் என்னும் நடு அடுக்கு முழுக்கக் கோடு கோடாகச் சுருக்கம். "மேல துணி நல்லா இருக்கு சார். ஆனா நடுவுல இருக்கிற ஃபோம் எப்பவோ செத்துப்போச்சு. இத்தனை நாளா உங்க எலும்புதான் அடி வாங்கியிருக்கு" என்றார். மூன்று மாதம் ஓட்டம் நின்றது. சிகிச்சைக்குக் கொடுத்த பணத்தில் நல்ல ஷூ இரண்டு ஜோடி வாங்கியிருக்கலாம். அப்போதும் பீரோவைத் திறக்க மனம் வரவில்லை. மலிவாக இன்னொன்றுதான் வாங்கினேன்.

2023 ஜனவரியில் என் முதல் அரை மராத்தான். 21.1 கிலோமீட்டர். ஐந்து மாதம் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பயிற்சி செய்திருந்தேன். தம்பி சொன்ன பெரிய ரேஸ் இதுதான் என்று பெட்டியை இறக்கினேன். ஷூ அப்படியே புதுசாக இருந்தது. லேஸில்கூட அழுக்கில்லை. ரேஸ் அன்று புது ஷூ போடக்கூடாது என்று ஓடுகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் எட்டு வருடம் காத்திருந்த நாள் அது. முந்தின இரவு கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு நடை நடந்து பார்த்தேன். மெத்தென்று இருந்தது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

நேப்பியர் பாலத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டோம். கலங்கரை விளக்கம் தாண்டும்போது இடது குதிகால் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. சாலைதான் மேடுபள்ளம் என்று நினைத்துக்கொண்டேன். சாந்தோம் ஆலயத்துக்கு அருகே காலடியில் சரக் சரக்கென்று ஒரு சத்தம். பட்டினப்பாக்கம் வந்தபோது இடது ஷூவின் குதிப்பகுதி தனியே கழன்று பின்னால் கிடந்தது. ஓரமாக உட்கார்ந்து கழற்றினேன். மிட்சோல் இருந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் பொடி. காய்ந்த ரொட்டி மாதிரி விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. மேலே அந்த நீலத் துணி மட்டும் கடையில் வாங்கின அன்றுபோல் பளபளவென்று இருந்தது. திரு.வி.க. பாலம்வரைகூட என்னால் போக முடியவில்லை. சாக்ஸோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் வராததுமாகத் தம்பிக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. "எவனோ போலிச் சரக்கை உன் தலையில கட்டியிருக்கான்டா. விலையைப் பார்த்து ஏமாந்திருக்கே" என்றேன். அவன் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு படம் வந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய கடை ரசீது. எழுத்தெல்லாம் வெளிறியிருந்தது. விலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவனுடைய அப்போதைய நிலைமைக்குப் பெரிய தொகை. நான் பதில் எழுதவில்லை. அந்த ரசீதை வைத்தே கம்பெனிக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். எந்த வருடம் தயாரானது, எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

ஒட்டித் தைக்க முடியுமா என்று கேட்கத்தான் மார்க்கெட் வாசலில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். உடைந்த இடது ஷூவை அவர் ஓரமாக வைத்துவிட்டார். உடையாத வலது ஷூவைக் கையில் எடுத்தார். கட்டைவிரலை அடிப்பாகத்தில் வைத்து மெதுவாக அழுத்தினார். விரல் உள்ளே போனது. பள்ளம் மேலே வரவில்லை. விரலை எடுத்தபோது நகத்தில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது.

"போடாமலே வெச்சிருந்தீங்களா சார்?"

நான் தலையாட்டினேன்.

"கொரோனா முடிஞ்சு ஸ்கூல் தொறந்தாங்க பாருங்க, அப்ப இப்படித்தான் பை பையா கொண்டாந்தாங்க. புது ஷூ, ஒரு தடவைகூடப் போடலம்பாங்க. போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்கும். இதைத் தைக்க முடியாது சார். ஊசி நிக்கிறதுக்கு உள்ள எதுவும் இல்லை."

காசு வாங்கிக்கொள்ளவில்லை. ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த செருப்பை எடுத்தார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பெட்டி, இறுக்கிக் கட்டின கவர், பாச்சா உருண்டை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நான் போனில் சொன்ன சொல்லும் வந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். பெரும்பாலான ஓட்ட ஷூக்களின் மிட்சோல் ஈ.வி.ஏ. என்னும் ஃபோம். அது உதிராது, ஓட ஓடத் தட்டையாகி மீளும் தன்மையை இழக்கும். என் பழைய ஷூவுக்கு நேர்ந்தது அது. தம்பி கொடுத்தது பாலியூரித்தேன் ரகம். உழைப்பைத் தாங்குவதில் அதுதான் உறுதியானது. ஆனால் அதில் எஸ்டர் வகை காற்றிலிருக்கும் நீராவியோடு மெல்ல வினைபுரிகிறது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அங்கங்கே அறுபட்டுக்கொண்டே வரும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். அடிக்கடி போட்டு நடந்தால் உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழி கிடைக்கும் என்கிறார்கள். நானோ கடலோரப் புழுக்கத்தில் கவரைக் கட்டி ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்திருந்தேன். கம்பெனி கேட்ட கேள்விகள் சரியானவை. அவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அது சுலபமாக இருந்தது.

தம்பியிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. போலி இல்லை, நான்தான் பெட்டியில் வைத்துக் கெடுத்தேன் என்றேன். அவன் ஷூவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அப்ப ஒவ்வொரு தடவையும் சூப்பரா இருக்குன்னு சொன்னியேண்ணா?"

என்னிடம் பதில் இல்லை. அவனும் வற்புறுத்தவில்லை.

அடுத்த தீபாவளிக்கு வந்தபோது என்னை அழைத்துப்போய் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தான். கடையிலேயே போட்டுக்கொண்டு, பழையதைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்தேன். மறுநாள் விடியற்காலை அதில்தான் ஓடினேன். ஒவ்வொரு ஓட்டத்தையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிப்பாகத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். 640 கிலோமீட்டரில் இடது குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்து உள்ளேயிருக்கும் வெள்ளை தெரிந்தது. அந்தப் படத்துக்கு உடனே பதில் வந்தது: "புதுசு வாங்கிடலாம்ணா."