பொட்டல் காட்டில் ஒரு காலைப் பொழுது

தூத்துக்குடி என்றதும் வெளியூர் உறவினர்களுக்கு உப்பும், துறைமுகமும், மக்ரூனும்தான் ஞாபகத்துக்கு வரும். முத்து கிடைக்குமா என்று ஆசையாகக் கேட்பவர்களும் உண்டு. 1961-ஆம் ஆண்டோடு இங்கே முத்துச் சலாபம் நின்றுபோயிற்று என்றால் நம்பிவிடுவார்கள். எங்கள் மாவட்டத்தில் மான் இருக்கிறது என்றால்தான் நம்பமாட்டார்கள்.

"இந்த வறண்ட பூமியில் மானா?" என்பார்கள். வறண்ட பூமி என்பதால்தான் அந்த மான் இங்கே இருக்கிறது! இதை நானும் போன தை மாதம் நேரில் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் இருக்கிறது வல்லநாடு. எங்கள் ஊர்க் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர்கூட அங்கிருந்துதான் வருகிறது. அங்கே குன்றும் முட்காடுமாக உள்ள சுமார் 16 சதுர கிலோமீட்டர் இடத்தை 1987-ல் வெளிமான் சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடி இதுதான்.

மாமனார் தவறிய பிறகு என் மாமியார் ஏழெட்டு மாதமாக வாசல்படி தாண்டவில்லை. "கொஞ்சம் நடக்கட்டும், நாலு இடம் பார்க்கட்டும்" என்று டாக்டர் சொல்லியும் பயனில்லை. கோயிலுக்குப் போனால் நாலு பேர் துக்கம் விசாரிப்பார்களே என்ற கூச்சம் அவருக்கு. மான் யாரையும் விசாரிக்காது அல்லவா! என் வீட்டுக்காரர் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"பொட்டக் காட்டுல போயி பாக்கதுக்கு என்னல இருக்கு?" என்று அத்தை மகனிடம் சலித்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் விடியுமுன்பே குளித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

வனத்துறையில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். காவலர் ஒருவர் கூட வந்தார். சத்தம் கூடாது என்று அவர் சொன்னதும் என் மகள் கொலுசைக் கழற்றிப் பாட்டியின் கையில் கொடுத்தாள். வண்டித்தடத்தோடு நடந்தோம். இருபுறமும் குடை விரித்தாற்போல் உடைமரங்கள், சதுரக்கள்ளி, களாச்செடி. மழைக்காலம் முடிந்த சமயமாதலால் இடையிடையே நல்ல புல்.

அத்தையின் நடையில் ஒரு வேகம் வந்தது. "சின்னப் பிள்ளைல உடங்காயப் பொறக்கிட்டு வந்து ஆட்டுக்குப் போடுவோம்" என்று குசுகுசுத்துக்கொண்டே போனார். எட்டு மாதத்தில் அவராக வாய் திறந்து சொன்ன பழங்கதை அதுதான். மானை முதலில் பார்த்தவரும் அவரே. "ஏளா, அங்கன பாரு!"

பத்துப் பன்னிரண்டு மான்கள். பெண்மான்கள் இளம் பழுப்பு, கொம்பு கிடையாது. நடுவில் ஓர் ஆண்மான். கருத்த முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிப் பிழிந்தாற்போல் இரண்டு நீளக் கொம்புகள். எங்களைக் கண்டதும் ஒரு மான் துள்ளியது; அடுத்த நிமிஷம் கூட்டமே பறந்துவிட்டது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியதாம்.

காவலர் விளக்கினார். ஓடிப் பிழைக்கும் பிராணி இது. நாலாபுறமும் வெட்டவெளியாக இருந்தால்தான் எதிரியைத் தூரத்திலேயே பார்க்க முடியும். சீமைக் கருவேல் மண்டினால் புல்லும் போகும், வெளியும் போகும். அதனால்தான் அதை அகற்றுகிறார்கள். பச்சையாக எது வளர்ந்தாலும் நல்லது என்றுதானே நாம் நினைக்கிறோம்!

"குட்டிய எங்க வச்சிருக்கும்?" என்று அத்தை கேட்டார். பிறந்த குட்டியைத் தாய் புல்லுக்குள் மறைத்துவிட்டு மேயப் போகுமாம். பால் கொடுக்க மட்டும் வருமாம். அந்தச் சமயத்தில் தெருநாய்கள் வந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம். நாம் எறிகிற சோற்றுப் பொட்டலம்தான் நாயை அழைத்து வருகிறது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இந்த மானை வேட்டையாடுவது பெரிய குற்றம். ஆனால் துப்பாக்கி எடுக்காமலே நாமும் கேடு செய்யலாம். 'தரிசு', 'பொட்டல்' என்று சொல்லிவிட்டால் அங்கே குப்பை கொட்ட யாருக்கும் மனம் கூசுவதில்லை. அது ஒரு தாய் குட்டியை ஒளித்து வைத்திருக்கும் இடமாக இருக்கலாம் என்ற எண்ணம் வந்தால் கை தயங்கும்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு: மழை முடிந்த மாதங்களில், அதிகாலையில் போங்கள். மங்கலான நிறப் பருத்திச் சேலை நல்லது. முள் குத்தாத செருப்பு அவசியம். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கொண்டுபோய், காட்டை விட்டு வெளியே வந்தபின் பிரியுங்கள். மிச்சம் மீதி வீட்டுக்கே வரட்டும்.

அத்தை இப்போது தினமும் சாயங்காலம் ரோச் பூங்கா வரை நடக்கிறார். யாராவது துக்கம் விசாரித்தால் ரெண்டு வார்த்தை பதில் சொல்லிவிட்டு, மான் கதையை ஆரம்பித்துவிடுகிறார்.