அணைத்துவிட்டீர்களா?

சர்வர் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எங்களிடம் எல்லா இடங்களிலும் கேட்கப்படும் முதற்கேள்வி ஒன்றே: "மெஷினை அணைக்காமல் செய்ய முடியாதா?" வங்கியானாலும் அச்சகமானாலும் மருத்துவமனையானாலும் இக்கேள்வியின் சொற்கள்கூட அதிகம் மாறுவதில்லை. கேட்பவருக்கு வேண்டியது முடியும் அல்லது முடியாது என்கிற விடை. பல ஆண்டுகள் சர்வர்களின் மூடியைத் திறந்து மூடிய பிறகு, அப்படியொரு நேரான விடை இதற்குக் கிடையாது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. அணைந்துவிட்டதாக நாம் சொல்லும் இயந்திரம் முழுதாக அணைந்திருப்பதில்லை. ஓடும்போதே கழற்றியதாக நாம் சொல்லும் பாகமோ, கழற்றிய அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருப்பதில்லை.

முதலில் அணைந்ததைப் பார்ப்போம். முன்பக்கப் பொத்தானை அழுத்தியதும் விசிறிகளின் இரைச்சல் அடங்குகிறது. அறையில் இருப்பவர்கள் அதுவரை உரக்கப் பேசிக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்து குரலைத் தாழ்த்துவார்கள். ஆனால் பின்பக்கம் போய்ப் பார்த்தால், நெட்வொர்க் கேபிள் செருகிய துளையருகே ஒரு சிறு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். பவர் சப்ளை மின்சாரத்தை இன்னமும் வாங்கிக்கொண்டிருக்கிறது. தொலைவிலிருந்து யாரேனும் அழைத்தால் இயந்திரத்தை எழுப்புவதற்கென்று ஒரு சில்லு உள்ளே விழித்தே இருக்கிறது. மதர்போர்டில் கார்டுகள் செருகியுள்ள ஸ்லாட்டுகள் வரை இந்தக் காத்திருப்பு மின்சாரம் வந்து நிற்கக்கூடும். ஆகவே கார்டைத் தொடுமுன் மின்கம்பியையே உருவ வேண்டும். பெரும்பாலான சர்வர்களில் பவர் சப்ளைகள் இரண்டு, ஒன்று பழுதானால் மற்றொன்று தாங்குவதற்காக. எனவே உருவ வேண்டிய கம்பிகளும் இரண்டு. உருவிய பிறகும் கபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியச் சற்று நேரமாகும்.

எல்லாம் வடிந்த பிறகு அங்கே மின்சாரத்தைக் கொண்டுவருபவர்கள் நாங்கள்தாம். நடந்து வரும்போதே மனித உடலில் நிலைமின்சாரம் சேர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய 3,000 வோல்ட் அளவை எட்டினால்தான் விரல்நுனியில் சுருக்கென்று நமக்குத் தெரியும். ஒரு சில்லைக் கெடுக்க அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். மணிக்கட்டில் பட்டை கட்டி அதன் மறுமுனையை இயந்திரத்தின் உலோகச் சட்டத்தில் பொருத்திக்கொள்வது இதனால்தான்.

இனி அணைக்காமல் செய்யும் வேலைக்கு வருவோம். பி.சி.ஐ. கார்டுகளை ஹாட் பிளக் முறையில், அதாவது சர்வர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மாற்றும் முறைக்கான முதல் பொதுவரையறை 1997ஆம் ஆண்டு வெளியாயிற்று. காம்பாக் நிறுவனத்தின் புரோலயண்ட் சர்வர்கள் இம்முறையைப் பரவலாக்கியவற்றுள் முக்கியமானவை. அதிலிருந்த சிக்கல் என்னவென்றால், பழைய பி.சி.ஐ. அமைப்பில் பல கார்டுகள் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஒரு கார்டை அப்படியே பிடுங்கினால் அக்கம்பக்கத்துக் கார்டுகளின் பேச்சும் குழம்பிவிடும். எனவே ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் பாதையோடு இணைக்கவும் துண்டிக்கவும் தனி மின்னணுச் சாவிகளும், தனி மின்கட்டுப்பாடும் வைக்கப்பட்டன.

வேலை நடக்கும் முறை இது. கார்டை எடுக்கப்போவதாக முதலில் சொல்ல வேண்டும். ஸ்லாட்டருகே இருக்கும் பொத்தானை அழுத்துவது அதற்காகத்தான். பச்சை விளக்கு கண்சிமிட்டத் தொடங்குகிறது. மனம் மாறினால் 5 விநாடிகளுக்குள் மறுபடி அழுத்தி வேண்டாமென்று சொல்லிவிடலாம். அது கடந்தால், ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்தக் கார்டுக்குக் கொடுத்திருந்த வேலைகளை முடித்து வாங்கிக்கொள்கிறது. பிறகு பாதை துண்டிக்கப்படுகிறது. கடைசியில் அந்த ஒரு ஸ்லாட்டுக்கு மட்டும் மின்சாரம் நிற்கிறது. பச்சை விளக்கு முழுதும் அணைந்த பிறகே கார்டைத் தொடலாம். ஆக, அணைக்காமல் செய்யும் வேலை என்பதும் அணைத்துச் செய்யும் வேலையே. அணைக்கும் இடத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எதை அணைக்கிறோம், அதை யாருக்கெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்பவையே இதில் கேட்கத் தகுந்த கேள்விகள்.

இந்த இரண்டாவது கேள்வியின் கனத்தை எங்களுக்கு உணர்த்தியவர் பொறியாளர் அல்லர், ஒரு மருத்துவமனையின் மூத்த செவிலியர். அங்கே பரிசோதனைக்கூடத்தின் முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பும் சர்வரில் நெட்வொர்க் கார்டு ஒன்று விட்டுவிட்டு வேலை செய்துகொண்டிருந்தது. முடிவுகள் சில உடனே வந்தன, சில வரவேயில்லை. அந்த இயந்திரத்தில் ஹாட் பிளக் ஸ்லாட்டுகள் இருந்தன, ஆனால் எல்லா ஸ்லாட்டுகளும் அப்படியல்ல. பழுதான கார்டு இருந்ததோ சாதாரண ஸ்லாட்டில். நிர்வாகத்தினர் மூன்றாண்டுகளுக்கு மேலாக அந்தச் சர்வரை நிறுத்தவிட்டதில்லை. அதை ஒரு சாதனையாகவே சொன்னார்கள். நிறுத்தாமல் மாற்றலாம் என்றுதானே விற்றவர்கள் சொன்னார்கள் என்றும் கேட்டார்கள். இந்த ஸ்லாட்டில் முடியாது என்று நாங்கள் சொன்னோம். ஆண்டுக்கணக்கில் இடைவிடாது சுழன்ற ஹார்ட் டிஸ்குகள் ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாமற்போவதும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னோம். இரண்டும் சேர்ந்து அவர்களை அச்சுறுத்திவிட்டன. பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது, முடிவு எட்டவில்லை.

கடைசியில் இரவுப்பணிக்கு வந்த சிஸ்டர் எங்களைப் பார்த்து, "எத்தனை நிமிஷம் நிக்கும்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். முக்கால் மணி நேரம் என்றோம். "சரி. ரெண்டு மணிக்கு மேல செய்யுங்க. அதுவரைக்கும் வந்த ரிசல்ட்டையெல்லாம் நோட்டுல எழுதிடுறோம். அப்புறம் வர்றத லேப்லேர்ந்து ஆள் நேரா கொண்டுவந்து கையெழுத்து வாங்கட்டும்." ஒவ்வொரு வார்டுக்கும் தாமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். யாரிடம் சொன்னோம் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். எவர் பெயருக்கேனும் எதிரே குறி விழாமலிருந்தால் அன்று சர்வரை நிறுத்த அவர் இசைந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறோம்.

எல்லா டிஸ்குகளும் மறுபடி சுழன்றன. ஒன்று சுழலாமல் இருந்திருந்தாலும் அந்த இரவு தாங்கியிருக்கும், ஏனெனில் நோட்டு இருந்தது. சிஸ்டர் செய்த ஏற்பாட்டையும் ஸ்லாட்டின் பச்சை விளக்கையும் நாங்கள் பிறகு பலமுறை ஒப்பிட்டுப் பேசியிருக்கிறோம். பணிமாற்ற நேரத்தில் ஒரு செவிலியர் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்காமல் வார்டைவிட்டுப் போவதில்லை. கார்டை எடுக்குமுன் இயந்திரம் செய்வதும் அந்த ஒப்படைப்புத்தான். மூன்றாண்டுகள் நிற்காமல் ஓடியதைச் சாதனையாகக் கருதியவர்களுக்கு இது புரியவில்லை. ஒரு பொருளை ஒருபோதும் நிறுத்தாதவர்களுக்கு, அது மறுபடி கிளம்புமா என்பது தெரிந்திருக்க வழியில்லை. நிறுத்தம் என்றாவது வரத்தான் போகிறது. நாம் நேரம் குறித்து வருவதா, தானே வந்து கதவை இடிப்பதா என்பதில்தான் வேறுபாடு.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2003இல் வி.எம்.வேர் நிறுவனம் கொண்டுவந்த வி-மோஷன் வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் சர்வரை அப்படியே வேறோர் இயந்திரத்துக்கு நகர்த்த முடிந்தது. அதன் பிறகு ஒரு முழு சர்வரையே காலிசெய்து, நிதானமாக அணைத்து, பட்டப்பகலில் கார்டு மாற்றுவது வழக்கமாயிற்று. முன்பு ஒரு ஸ்லாட்டுக்குச் செய்ததை இப்போது முழு இயந்திரத்துக்கும் செய்கிறார்கள். வார்டுகளில் இருப்பவர்களுக்கு அங்கே ஏதோ நின்றது என்பதே தெரிவதில்லை. இது நல்லதுதான், எங்கள் உறக்கமும் இதனால் கூடியிருக்கிறது. ஆயினும் அந்த நோட்டும் கூடவே மறைந்துவருவதைக் காண்கிறோம். எதுவும் நிற்காது என்று நம்பும் இடத்தில், நின்றால் என்ன செய்வது என்று எவரும் எழுதிவைப்பதில்லை.

கை வைக்கும் வேலை மட்டும் பெரிதாக மாறவில்லை. ரெய்டு 5 அமைப்பில் ஒரு டிஸ்க் செத்தால் மற்றவை தாங்கும். செத்ததை விட்டுவிட்டு அதன் பக்கத்திலிருக்கும் நல்லதைப் பிடுங்கினால் எதுவும் தாங்காது. அதனால் நாங்கள் இருவராகவே போகிறோம். ஒருவர் திரையைப் பார்த்து எண்ணைச் சொல்வார். மற்றவர் இயந்திரத்தின்முன் நின்று எச்சரிக்கை விளக்கைப் பார்த்து அதே எண்ணைத் திருப்பிச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் விரல் கொக்கிக்குப் போகும். பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு முறை நிர்வாகி ஒருவர், "என்ன சார், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி இருக்கிறதே" என்றார். ஆமாம் சார், அதேதான் என்று சொல்லிவிட்டு, எண்ணை மறுபடி முதலிலிருந்து சொன்னோம்.